முதல் கோடு தண்ணீருக்கு

இலஞ்சியில் நிலம் அளக்க வருகிறவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தண்ணீர் போகிற வழியை. மேற்கே திரிகூடமலை நிற்கிறது. குற்றாலத்தில் பேரருவியாக விழுகிற சிற்றாறு எங்கள் ஊருக்கு வந்து, குமாரர் கோயிலை ஒட்டி ஓடி, மொத்தம் சுமார் 80 கிலோமீட்டர் கடந்து சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அளவைக்காரனுக்குத் தெரிய வேண்டியது மீதிக் கதை. அணைக்கட்டில் பிரியும் கால், காலில் பிரியும் வாய்க்கால், வாய்க்கால் நிரப்பும் குளம், குளத்து மடை, மடையிலிருந்து வரப்போரம் போகும் பாய்ச்சல் கால், வயலில் மிஞ்சிய தண்ணீர் இறங்குகிற வடிகால், மழைக்கு மட்டும் ஓடும் ஓடை. இவ்வளவும் சேர்ந்ததுதான் இந்த ஊர். இதில் எதன்மேல் வீடு கட்டினாலும் ஏதாவதொரு கார்த்திகையில் தண்ணீர் வீட்டுக்குள் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு மூத்த சர்வேயரிடம் சங்கிலி பிடிக்கும் ஆளாகச் சேர்ந்தேன். அப்போது வேலையெல்லாம் பாகப்பிரிவினையும் வரப்புத் தகராறும்தான். அண்ணன் தம்பி இருவரும் வரப்பில் முறைத்துக்கொண்டு நிற்க, நடுவில் நாங்கள் நில அளவைப் புலப்படத்தை விரித்து எல்லைக் கல்லைத் தேடுவோம். பிறகு லைசென்ஸ் எடுத்து, பிளான் வரையவும் தொடங்கி, தனியாக அலுவலகம் போட்டேன். வேலையின் நிறம் மெல்ல மாறியது. வயலைப் பங்கு போட அளந்த கை, வயலை மனையாக்க அளக்கத் தொடங்கியது.

2016 செப்டம்பரில் அப்ரூவல் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதுவரை வயலில் நாலு கல்லை ஊன்றிக் கொடி கட்டி விற்றவர்களெல்லாம் முறையான மனைப்பிரிவு பிளான் கேட்டு வந்தார்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ், கோர்ட், அதிகாரிகள் குடியிருப்பு என்று ஊர் விரிய, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் நிலத்துக்கு விலை ஏறியது. சென்னையில் ரிட்டயர்டு ஆகி வருகிறவர்கள், வளைகுடாவில் சம்பாதித்தவர்கள், சீசனுக்கு ரிசார்ட் கட்ட வருகிறவர்கள், கூடவே மகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்க நினைக்கிற உள்ளூர்க்காரர்கள். இவர்களில் யாரும் தப்பானவர்கள் இல்லை. வீடு எல்லோருக்கும் வேண்டும். அந்த வீட்டை எந்த இடத்தில், எதற்கு வழிவிட்டுக் கட்டுகிறோம் என்பதுதான் கேள்வி. இயற்கைக்கும் வளர்ச்சிக்கும் நடக்கிற வழக்கின் பெரும்பகுதி பிளான் வரைகிற மேசையிலேயே தீர்ந்துவிடுகிறது. காகிதத்தில் போடுகிற முதல் கோடு எதற்கு என்பதே அந்தத் தீர்ப்பு. இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

நிலம் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் பங்குனி சித்திரையில் வருவார்கள். பிசானம் அறுத்து முடிந்திருக்கும். வயல் வெடித்துக் கிடக்கும். ஓடை இருக்கிற இடத்தில் ஒரு பள்ளமும் நாலு காட்டாமணக்கும் தெரியும். "இதை நிரத்திரலாம்" என்பார்கள். அந்த இடத்தை ஐப்பசியில் வந்து பார்க்கச் சொல்வேன். எங்கள் பக்கத்து மழைக்கு இரண்டு குணம். ஆனி ஆடியில் தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக உள்ளே நுழைந்து சாரலாகத் தூவும். அருவி நிறையும், ஊர் குளிரும், ஓடை அவ்வளவாக ஓடாது. ஐப்பசி கார்த்திகையில் கிழக்கேயிருந்து வருகிற மழை அப்படி இல்லை. மலைச்சரிவில் மோதி ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்க்கும். மலை செங்குத்து, அடிவாரம் பக்கத்தில். மேலே பெய்தது கீழே வந்து சேரக் கொஞ்ச நேரம்தான் பிடிக்கும். சாரலை மட்டும் பார்த்து ஓடையின் அகலத்தை முடிவுசெய்தவன் கார்த்திகையில் மாட்டுவான்.

ஐப்பசி வரை காத்திருக்க முடியாதபோது தடயம் தேடுவேன். ஓடையோரப் பனையிலும் தென்னையிலும் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு வண்டல் காய்ந்து ஒரு கோடு இருக்கும். வேலிக் கம்பியில் வைக்கோலும் சருகும் சிக்கித் தொங்கும். அந்தக் கோட்டை ஆட்டோ லெவல் வைத்து எடுத்து, நிலம் முழுக்கவும் அரை மீட்டருக்கு ஒன்றாகக் காண்டூர், அதாவது சம உயரக் கோடு, போட்டுப் பார்த்தால் வெள்ளம் எதுவரை வரும் என்று படத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது ஆவணம். கிராம நிலங்களின் அ-பதிவேட்டில் 'ஓடை', 'வாய்க்கால்', 'குளம்' என்று தனிச் சர்வே எண்ணோடு புறம்போக்காக இருப்பவற்றுக்குச் சட்டம் காவல் நிற்கிறது. குளங்களைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. கஷ்டம் பட்டாவுக்குள் ஓடுகிற பாய்ச்சல் கால்களிலும் வடிகால்களிலும்தான். அவற்றுக்கு எண் கிடையாது. பல புலப்படங்களில் கோடு கூடக் கிடையாது. ஆனால் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் படித்தால் நான்கு எல்லை சொன்ன பிறகு நடைபாதைப் பாத்தியம், வண்டிப்பாதைப் பாத்தியம், மாமூல் நீர்ப் பாத்தியம் என்று வரிசையாக வரும். அந்தக் கடைசி வரிதான் என் கண்ணுக்கு முக்கியம். எந்த வயலுக்கு எந்த வழியாகத் தண்ணீர் போனது என்பதற்கு அது சாட்சி. இப்போதைய பத்திரங்களில் அந்த வரி காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. மனையாக விற்கும்போது 'நீர்ப் பாத்தியம்' எதற்கு என்று எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். எழுதாமல் விட்டதால் தண்ணீர் வராமல் இருந்துவிடாது.

பத்திரமும் சொல்லாததை ஆள் சொல்வார். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியே வயதான பெரியவர்கள் இன்னும் ஒருசிலர் இருக்கிறார்கள். ஒருவர் எனக்கு ஒரு வயலின் மூலையைக் காட்டி, "தம்பி, இந்த இடத்துல மம்பட்டிய ஒரு வெட்டு வெட்டிப் பாரு" என்றார். ஒரு முழத்துக்குக் கீழே கல் வரிசை தட்டுப்பட்டது. எப்போதோ தூர்ந்துபோன மதகு. மேல்வயலின் வடிகால் அந்த வழியாகக் கீழ்க்குளத்துக்குப் போயிருக்கிறது. எந்தப் படத்திலும் அது இல்லை. அந்த மூலையில் வரவிருந்த மனையை எடுத்துவிட்டு அங்கே சிறு பாலம் போட்டோம். இன்றைக்கும் மழை பெய்தால் தண்ணீர் அந்தப் பாலத்துக்கு அடியில்தான் போகிறது.

மனைப்பிரிவு வரைகிற வழக்கமான முறையைச் சொல்கிறேன். முதலில் சாலையைப் போடுவார்கள். சாலையின் இரண்டு பக்கமும் எத்தனை மனை அடங்கும் என்று பார்ப்பார்கள். எதற்கும் உதவாத கோண மூலை ஒன்று மிஞ்சும். அதைப் பூங்காவுக்கு என்று தள்ளிவிடுவார்கள். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதம் பொதுத் திறந்தவெளிக்கு. பெரிய மனைப்பிரிவாக இருந்தால் அந்த இடத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்தாக வேண்டும். நல்ல விதி. ஆனால் அந்த 10 சதவீதம் எங்கே இருக்க வேண்டும் என்பதை ஓடையைக் கேட்டு யாரும் முடிவுசெய்வதில்லை. ஓடை கடைசியில் வரும். மனைகளின் பின்பக்கம் அது ஒடுங்கிப் போகும், அல்லது குழாய்க்குள் போகும்.

நான் வரிசையை மாற்றினேன். முதலில் தண்ணீர். அது ஓடும் இடம், வெள்ளத்தில் அது விரியும் இடம். இரண்டாவது, அதை ஒட்டித் திறந்தவெளி. மூன்றாவது சாலை. கடைசியில் மனை.

இலஞ்சிக்கு வெளியே ஏறத்தாழ நாலரை ஏக்கர் நன்செய். வேளாண் இணை இயக்குநரின் தடையின்மைச் சான்று உட்பட வயலை மனையாக மாற்ற வேண்டிய அனுமதியெல்லாம் வாங்கி வைத்திருந்தார் ஒரு புரோமோட்டர். ஒரு பக்கம் நெடுக ஓடை. வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அண்ணாச்சி, ஓடையில குழாயப் போட்டு மேல ரோட்ட விட்டுரலாம்லா?"

"குழாய்க்குள்ள ஆடித் தண்ணி போகும். கார்த்திகைத் தண்ணி போகாது" என்றேன்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். சாலைக்கு ஏறத்தாழ 30 சதவீதம் போனால் மிச்சத்தில் பத்தில் ஒன்று 31.5 சென்ட் வருகிறது. அதை மூலையில் சதுரமாக வைப்பதற்குப் பதிலாக ஓடைக்கரை நெடுக 10 மீட்டர் அகலத்தில் நீட்டி வைத்தால் 127 மீட்டருக்கு வரும். அதையடுத்துச் சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் மனைகள், ஓடையைப் பார்த்த முகமாக. சட்டத்துக்குக் கொடுக்க வேண்டிய நிலம் ஒரு சென்ட் கூடக் கூடவில்லை. இடம்தான் மாறியிருக்கிறது. அவருக்கு நஷ்டம் வேறொரு பக்கம் வந்தது. ஒரு பக்கம் மட்டும் மனை உள்ள சாலை என்பதால் இரண்டு மனை குறைந்தது. அவர் நாலு நாள் யோசித்தார். வீட்டில் கேட்டார், பங்காளியைக் கேட்டார். பிறகு சம்மதித்தார். ஓடையைப் பார்த்த மனைகள்தான் முதலில் விற்றன, விலையும் கூட வைத்து. குறைந்த இரண்டு மனையின் பணம் அதிலேயே வந்துவிட்டது என்று பிறகு அவரே சொன்னார்.

வீட்டின் முகம் எந்தப் பக்கம் என்பது சின்ன விஷயம் போலத் தோன்றும். பின்பக்கம் ஓடை இருந்தால் குளியலறைக் குழாயும் செப்டிக் டேங்க்கின் வழிநீரும் அங்கேதான் போகும். குப்பையும் அங்கேதான் விழும். ஐந்து வருடத்தில் ஓடை சாக்கடையாகிவிடும், பிறகு அதை மூடச் சொல்லி அந்த வீட்டுக்காரர்களே மனுக் கொடுப்பார்கள். முன்பக்கம் ஓடை இருந்தால் வாசலில் உட்காருகிறவர் கண்ணில் அது படும். ஒருவர் குப்பை போட்டால் இன்னொருவர் கேட்பார். காவலுக்கு ஆள் போட வேண்டாம், வாசற்படி போதும்.

கரையைக் கட்டுவதிலும் ஒரு வழக்கம் இருக்கிறது. ஓடை என்றாலே இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பிவிடுவார்கள். சுவருக்கு நடுவில் தண்ணீர் வேகமெடுக்கும், கீழே இருப்பவனின் கரையை அறுக்கும். கரை மண்ணுக்கும் தண்ணீருக்கும் உறவு அற்றுப்போகும். நாங்கள் அந்த இடத்தில் வளைவுகளில் மட்டும் சாந்து பூசாமல் கல் பதித்தோம். கல்லிடுக்கில் தண்ணீர் ஊறலாம், வேர் இறங்கலாம். மீதிக் கரையைச் சாய்வாகச் செதுக்கி வெட்டிவேர் நட்டோம். ஓடையை அடைத்துக் கிடந்த நெய்வேலிக் காட்டாமணக்கை வேரோடு எடுத்தோம். அது ஒடித்துப் போட்ட துண்டிலிருந்தும் தழைத்துவிடும் என்பதால் வெட்டியதை அங்கேயே போடக் கூடாது. வெளியே கொண்டுபோய்க் காயப்போட்டு எரிக்க வேண்டும். அடுத்த இரண்டு மழைக்கும் மீண்டும் வந்து பார்த்துப் பிடுங்க வேண்டும். மரம் நடும்போது சீக்கிரம் வளர்கிற வெளியூர்ச் செடிகளைத் தவிர்த்துவிட்டு நீர்மருது, நாவல், புங்கை, இலுப்பை, அத்தி என்று ஆற்றோரத்து மரங்களாகவே நட்டோம். கரையின் ஈர விளிம்புக்குத் தாழை.

முதல் வருடம் கோரையும் புல்லும்தான். பார்த்தவர்கள் "காடு மாதிரிக் கெடக்கே, சுத்தம் பண்ணக் கூடாதா" என்றார்கள். இரண்டாம் வருடம் அந்தக் கோரைக்குள் கானாங்கோழி குஞ்சுகளோடு நடந்தது. நாங்கள் நடாத அத்திக் கன்றுகள் பறவை எச்சத்தில் விழுந்து முளைத்தன. செதுக்காமல் செங்குத்தாக விட்ட ஒரு துண்டு மண்கரையில் மீன்கொத்தி துளை போட்டது. மீன்கொத்தி கூடு வைக்க மண்கரை வேண்டும், கான்கிரீட் சுவரில் அதற்கு இடமில்லை. மழைக்கால ராத்திரியில் தவளைச் சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது என்று ஒரு அம்மா புகார் சொல்ல வந்தார்கள். தவளை கொசுவையும் தின்னும் என்று விளக்கிச் சொன்னதும் சமாதானமாகிப் போனார்கள்.

2024 டிசம்பர் நடுவில் தென்காசி மாவட்டத்தில் கொட்டிய மழையும் குற்றால அருவிகளில் வந்த வெள்ளமும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த ராத்திரி ஓடை கரையைத் தாண்டி அந்த 10 மீட்டர் பட்டை முழுவதும் பரவியது. சாலையின் விளிம்பைத் தொட்டது. வீடுகளுக்குள் வரவில்லை. விடிந்தபின் வண்டலை விட்டுவிட்டு இறங்கிவிட்டது. தண்ணீருக்குக் கொடுத்த இடத்தைத் தண்ணீர் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். கொஞ்ச தூரத்தில் வேறொரு மனைப்பிரிவு இருக்கிறது. அதற்கும் இதே யோசனையைச் சொன்னேன், அவர்கள் கேட்காமல் வேறு ஆளிடம் பிளான் வாங்கினார்கள். அங்கே ஓடையைக் குழாயில் அடைத்து, கிராவல் அடித்து மூன்றடி மேடாக்கியிருந்தார்கள். மனைக்குள் தண்ணீர் வரவில்லை என்பது உண்மை. அது பக்கத்து வயலுக்குப் போனது. நின்ற நெல் அழுகியது. மேடாக்குவது தண்ணீரை இல்லாமல் ஆக்குவதில்லை, ஏழை வீட்டுப் பக்கம் தள்ளிவிடுவது மட்டும்தான்.

மேற்கே, குற்றாலத்தை ஒட்டி, கதை வேறு. ஒருமுறை ஒரு ரிசார்ட்டுக்காக என்னை அழைத்தார்கள். பாறைச் சரிவு, மேலே சின்ன ஓடை. மேலே ஒரு தடுப்புக் கட்டி, குழாயில் தண்ணீரை இழுத்து, தோட்டத்துக்குள் ஒரு அருவி விழ வைக்க வேண்டும், அதற்கு லெவல் எடுத்துத் தாருங்கள் என்றார்கள். லெவல் எடுப்பது ஒரு நாள் வேலை. ஆனால் அந்த ஓடை கீழே ஒரு தோப்பையும் அதற்கும் கீழே வயலையும் நம்பிக்கொண்டிருந்த ஓடை. தை மாசி மாதத்தில் அதில் வருவதே விரல் கனத்துக்கு. அதை மேலே மடக்கினால் கீழே கல்தான் மிஞ்சும். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்படிப்பட்ட செயற்கை அருவிகள் பல இடங்களில் வந்துவிட்டன என்பது வழக்காகி, 2022 இறுதியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆய்வுக் குழு அமைக்கவும் இயற்கை நீர்வழியை மாற்றியமைத்த இடங்களின்மேல் நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது. மாவட்டத்தில் சில விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். என் தொழிலில் இருக்கிற இளைஞர்கள் அந்த உத்தரவைப் படிக்க வேண்டும். அந்த அருவி ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் லெவல் எடுத்துக் கொடுத்திருப்பார்.

2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு பள்ளி மாணவனை அடித்துக்கொண்டு போனது. கோடை மழை மேலே பெய்தது கீழே குளித்தவர்களுக்குத் தெரியவில்லை. இந்த மலை எவ்வளவு விரைவாகத் தண்ணீரை இறக்கும் என்பதற்கு அதைவிடக் கொடுமையான பாடம் வேண்டாம். காட்டுக்குள் மழையைப் பிடித்துவைக்கிற மண்ணும் வேரும் சருகும் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு மெதுவாகத் தண்ணீர் இறங்கும். மேலே அதைக் காப்பது வனத்துறை. கீழே அதே வேலையைச் செய்ய வேண்டியது வயலும் குளமும் ஓடைக்கரையும். அவற்றை அளந்து கல் ஊன்றுகிறவர்கள் நாங்கள்.

மலையில் வனத்துறையின் எல்லைக் கல் இருக்கிறது. இங்கே நெல்லை வனவிலங்குச் சரணாலயம், பரப்பு சுமார் 356 சதுர கிலோமீட்டர். தெற்கே களக்காடு–முண்டந்துறை, மேற்கே கேரளத்தின் செந்துருணி. எல்லாம் சேர்ந்து ஒரே காடு. 2022 ஜூன் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு தேசியப் பூங்காவையும் வனவிலங்குச் சரணாலயத்தையும் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் சூழல் உணர்திறன் மண்டலம் வேண்டும் என்றபோது, எனக்கு போன் மேல் போன். "அண்ணாச்சி, நம்ம நெலம் கல்லுல இருந்து எவ்வளவு தூரம்?" என்று. 2023 ஏப்ரலில் அதே நீதிமன்றம் எல்லா இடத்துக்கும் ஒரே அளவு என்பதைத் தளர்த்தியதும் போன் நின்றது. எனக்கு வருத்தம் அந்தக் கேள்வியில்தான். கல்லுக்கு அந்தப் பக்கம் இயற்கை, இந்தப் பக்கம் மனை என்று மனதுக்குள் கோடு போட்டுவிட்டோம். வடகரை, மேக்கரைப் பக்கம் தோப்புக்குள் வருகிற யானைக்கு அந்தக் கல் தெரியாது. மலையில் விழுந்து இறங்குகிற தண்ணீருக்கும் தெரியாது.

மலையடிவாரத்துக்கென்று விதிகள் இல்லாமல் இல்லை. 1990-இல் அரசு அமைத்த மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை நாங்கள் 'ஹாக்கா' என்போம். ஹாக்கா பட்டியலில் உள்ள கிராமம் என்றால் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, கனிம வளத்துறை எல்லோரிடமும் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அலைச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அலைச்சலில் ஒவ்வொரு துறையும் ஒரு நல்ல கேள்வியைக் கேட்கிறது. சரிவு எவ்வளவு, மண் அரிக்குமா, மரம் எத்தனை போகும். பட்டியலில் இல்லாத சமவெளிக் கிராமத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. அங்கே பிளான் வரைகிறவனே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மனிதன் கை படாமல் இருந்தால்தான் இயற்கை என்று நினைக்கிறவர்களுக்கும் குற்றாலம் ஒரு பதில் வைத்திருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் இங்கே ஜாதிக்காய், கிராம்பு, பட்டை நட்டுத் தோட்டம் போட்டார்கள். அந்த முயற்சியில் ஈடுபட்ட கசமேஜர் துரையின் பெயர் காசிமேஜர்புரம் என்று ஊர்ப்பெயராகவே தங்கிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் இந்த மலையில் செடி சேகரித்தார். இன்றைக்கும் குற்றாலத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிறார்கள். மனிதன் இங்கே எப்போதும் வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறான். கீழே அணையும் காலும் குளமும் வயலும் முழுக்க மனிதன் செய்தவை. அவற்றில்தான் நாரையும் கொக்கும் மீனும் தவளையும் குடியிருக்கின்றன. நல்லபடியாகச் செய்தால் மனிதன் செய்ததற்குள்ளும் உயிர் திரும்பி வரும் என்பதற்கு எங்கள் வயல்வெளியே நிரூபணம். அந்தப் பழைய வேலைக்காரர்கள் தண்ணீரின் போக்கைப் படித்துவிட்டுத்தான் மம்பட்டி எடுத்தார்கள்.

இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி 12 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. புதிதாகக் கட்டுகிறவர், கட்டுவதற்கு முன் அந்த இடத்தில் இயற்கை எவ்வளவு இருந்தது என்று கணக்கெடுத்து, கட்டி முடிந்தபின் அதைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக இருக்கும்படி செய்து கொடுக்க வேண்டும், அதை 30 ஆண்டுகள் பராமரிக்கவும் வேண்டும். 2021-இல் இயற்றிய சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் வந்தது இது. நாமும் 10 சதவீதம் நிலம் கொடுக்கிறோம். ஆனால் நம்மிடம் அந்த முப்பது வருடம் இல்லை. தானப் பத்திரம் பதிந்த மறுநாளிலிருந்து அந்த இடத்துக்கு யாரும் பொறுப்பு இல்லை. பேரூராட்சியில் ஆள் போதாது, புரோமோட்டர் விற்றுவிட்டுப் போய்விட்டார், மனை வாங்கியவர்களில் பாதிப்பேர் இன்னும் வீடே கட்டவில்லை. மூன்றாம் வருடம் அந்தப் பூங்கா இடத்தில் ஜல்லியும் மணலும் குவிந்திருக்கும். ஐந்தாம் வருடம் யாராவது மாட்டுக்கொட்டகை போட்டிருப்பார்கள்.

நாலரை ஏக்கர் மனைப்பிரிவில் அதற்கும் ஒரு ஏற்பாடு செய்தோம். மனை வாங்குகிறவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து பட்டையையும் ஓடையையும் பராமரிக்க வேண்டும் என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதினோம். பழைய பத்திரத்தில் இருந்த நீர்ப் பாத்திய வரியை ஒவ்வொரு மனையின் கிரயப் பத்திரத்திலும் திரும்ப எழுத வைத்தேன். எழுதியவருக்கு ஒரு வரி கூடுதல் வேலை. நாளைக்கு யாராவது ஓடையை அடைத்தால் கேட்பதற்கு அந்த வரி போதும். வருடா வருடம் ஆவணியில், மழைக்கு முன்னால், சங்கத்து ஆட்கள் சேர்ந்து ஓடையைத் தூர் எடுக்கிறார்கள். எல்லோரும் வருவதில்லை. வருகிறவர்கள் செய்கிறார்கள், ஓடை ஓடுகிறது.

மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலை நிபுணர் குழு 2011-இல் அறிக்கை கொடுத்தபோது, இந்த மலையைப் பற்றிய முடிவுகள் அந்தந்த ஊர் மக்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதை வலியுறுத்தியது. அந்த அறிக்கைக்கு வந்த எதிர்ப்பும், பிறகு வந்த குழுக்களும் வரைவுகளும் இன்னொரு கதை. அந்த ஒரு கருத்து மட்டும் என் வேலைக்கு நேராகப் பொருந்துகிறது. ஓடை எங்கே ஓடுகிறது என்பதைத் தலைநகரத்தில் இருக்கிற அதிகாரிக்கு முன்பே, மம்பட்டி பிடித்த பெரியவர் அறிவார்.

அதனால் மூன்று காரியங்களை எல்லா மேடையிலும் கேட்டுவருகிறேன். மனைப்பிரிவை ஒட்டி ஓடையோ வாய்க்காலோ குளமோ இருந்தால், 10 சதவீதத் திறந்தவெளி அதன் கரையில்தான் இருக்க வேண்டும் என்று அருவிப் பகுதிக் கிராமங்களுக்காவது விதி செய்ய வேண்டும். அரசுக்கு இதில் ஒரு பைசா செலவில்லை. மனைப்பிரிவு விண்ணப்பத்தோடு மழைக்கால நீர்மட்டம் குறித்த காண்டூர் படம் கட்டாயமாக வேண்டும். பட்டாவுக்குள் ஓடும் பாய்ச்சல் கால்களையும் வடிகால்களையும் ஊர்ப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அளந்து புலப்படத்தில் ஏற்ற வேண்டும். இந்த மூன்றாவது வேலைக்குத்தான் அவசரம். டோட்டல் ஸ்டேஷன் என்கிற அளவைக் கருவி இன்னும் நூறு வருடம் கழித்தும் கிடைக்கும். அந்தப் பெரியவர்கள் கிடைக்கமாட்டார்கள்.

என்னிடம் வேலை பழக வருகிற பிள்ளைகளிடம், சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்கிறேன். விதியில் எங்கேயும் திறந்தவெளியை ஓடைக்கரையில் வைக்கக் கூடாது என்று எழுதவில்லை. அகலம் சரியாக இருந்து சாலையும் தொட்டால் அப்ரூவல் கிடைக்கும், வாங்கிக் காட்டியிருக்கிறோம். கட்சிக்காரர் முதல் நாளே மனை எண்ணிக்கையைக் கேட்பார். காண்டூர் முடிந்தபின் சொல்கிறேன் என்று சொல்லப் பழகுங்கள். அந்த ஒரு பதிலைச் சொல்லத் துணிந்தால், இலஞ்சியில் வீடும் கட்டலாம், வயலும் விளையும், ஓடையும் ஓடும். இதில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியம் இந்த ஊருக்கு இன்னும் வரவில்லை. வராமல் பார்த்துக்கொள்கிற பொறுப்பு, கல் ஊன்றுகிற நம் கையில் இருக்கிறது.